முதலில் அளவுகோல், பிறகே திருகாணி



அறிவியலில் எளிய எந்திரங்கள் பாடம் வரும்போதெல்லாம் கத்தரிக்கோலையும் ஏற்றப்பலகையையும் வெண்பலகையில் வரைந்து காட்டுகிறோம். நெம்புகோல் நமது விசையைப் பெருக்கித் தரும் என்று மாணவர்களும் மனனம் செய்து எழுதிவிடுகின்றனர். அதே நெம்புகோல் தேய்மானத்தையும் பெருக்கிக் காட்டும் என்று நான் திருத்திய எந்தத் தாளிலும் ஒரு பிள்ளைகூட எழுதியதில்லை. நாம் சொல்லித் தந்தால்தானே எழுதுவார்கள்? இதனை விளக்க ஒரு பழைய காரின் கிளட்ச் மிதியைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருள் இல்லை என்பது என் கருத்து. (கார்ப் பைத்தியம் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலேயே நண்பர்கள் எனக்குப் பெயர் சூட்டிவிட்டனர். அது இன்னும் மாறவில்லை!)

என் அண்ணனிடம் ஓர் எம்.ஜி.பி. விளையாட்டுக் கார் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் வகை அது. அதன் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. மிதியை அழுத்தினால் ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். அங்கிருந்து குழாய் வழியாகச் செல்லும் எண்ணெய், கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ஒரு கவைக்கோலை அசைக்க, கிளட்ச் விலகும். முதல் சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம், இரண்டாவதன் விட்டம் ஒன்றேகால் அங்குலம். விட்டங்கள் 3க்கு 5 என்றால் பரப்பளவுகள் 9க்கு 25. ஆக, விசை ஏறத்தாழ 2.8 மடங்கு பெருகுகிறது, நகர்வு அதே அளவுக்குக் குறைகிறது.

இந்தக் காரில் மிதியின் உயரத்தைச் சரிசெய்யும் திருகாணியே கிடையாது. மிதிக்கு ஒரு தடுப்பு உண்டு. ஒரு சுருள்வில் அதனை இழுத்துத் தடுப்பின்மீது நிறுத்தும், அவ்வளவுதான். கிளட்ச் தட்டு தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் சற்றே உள்வாங்கித் தன் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். வோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கம்பிவடக் கிளட்ச்சில் கதை வேறு. மிதியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெற்றசைவு இருக்குமாறு திருகாணியை அவ்வப்போது திருகத்தான் வேண்டும். ஒரு வண்டியைச் செய்தவர் திருகாணி வைத்திருந்தால் அவர் சொன்ன அளவுக்குத் திருகுவது முறை. வைக்காத இடத்தில் மிதி தாழ்ந்துபோனால், எங்கோ ஏதோ தேய்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் கசிகிறது என்றே கொள்ள வேண்டும்.

அண்ணனின் காரில் பின்னோக்குக் கியர் போடும்போது 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கும் ஓசை எழலாயிற்று. ஒரு பட்டறையில் காட்டினார். இரண்டு சிலிண்டர்களையும் மாற்றினார்கள், ஓசை போகவில்லை. பிறகு மிதியின் தண்டை எடுத்துவிட்டு, நீளத்தைக் கூட்டக்கூடிய ஒரு தண்டைப் பொருத்தி நன்றாகத் திருகி விட்டார்கள். ஓசை நின்றது. அண்ணனுக்கு மகிழ்ச்சி! இரண்டு வாரங்களில் மேட்டுச் சாலையில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்றது பட்டறை. எம்.ஜி.பி.யில் கிளட்ச் தட்டை மாற்ற எஞ்சினைத் தூக்கியாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், ஏன் வழுக்கியது? மாஸ்டர் சிலிண்டரில் மிக நுண்ணிய துளை ஒன்று உண்டு. காலை எடுத்ததும் எண்ணெய் அதன்வழிதான் தொட்டிக்குத் திரும்பும். தண்டை அளவுக்கு மீறி நீட்டினால் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது, அத்துளை அடைபட்டே இருக்கும். அழுத்தம் உள்ளேயே தங்கிவிட, கிளட்ச் எப்போதும் அரைமிதியில் இருப்பதைப் போல் ஆகிவிடும். கவைக்கோலின் முனையில் இருப்பதோ கரி வளையம். இடைவிடாமல் உரசினால் அதுவும் தேய்ந்தழியும்.

இறுதியில் அண்ணனுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்தார். சாவியைக் கையில் எடுக்கும் முன்னர் அளவுகோலைத்தான் எடுத்தார். முதல் வேலையாகப் பழைய தண்டையே மீண்டும் மாட்டச் சொன்னார். "தம்பி, மெதுவா மிதிங்க" என்று என்னை மிதிக்க வைத்துவிட்டு, ஸ்லேவ் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று குனிந்து அளந்தார். அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் அளவில் நகர வேண்டியது 11ஐச் சற்றே தாண்டி நின்றது. அடுத்து எஞ்சின் அறையில் மிதிப்பெட்டியின் மூடியைத் திறந்து, டார்ச் விளக்கின் ஒளியில் காட்டினார். மிதியையும் தண்டையும் இணைக்கும் கிளெவிஸ் பின் என்ற சிறு ஊசி படிக்கட்டுபோல் தேய்ந்திருந்தது. மிதியிலுள்ள துளையும் முட்டை வடிவாகியிருந்தது. இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் தளர்வு. மிதியின் நெம்புகோல் விகிதம் ஐந்து என்று வைத்துக்கொண்டால், கால் 20 மில்லிமீட்டர் கீழே போகும்வரை தண்டு அசையவே அசையாது. மறுமுனையில் கவைக்கோலோடு இணையும் ஊசியும் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருக்கும் சுருள்வில் அந்தத் தளர்வைத் தானே தள்ளி நிறைத்துவிடும் என்பதால் அதற்கு அவர் அவசரப்படவில்லை. துளையை வெல்டிங் செய்து நிரப்பி, சரியான அளவில் மீண்டும் துளையிட்டு, புதிய ஊசி போட்டார். ஊசியின் விலை சில ரிங்கிட்தான். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தேய்மானத்தைத் திருகாணியால் மறைக்கலாம், நீக்க முடியாது. வகுப்பிலும் இப்படிப்பட்ட திருகல்களை நாம் நிறையவே பார்க்கிறோம். வகுத்தலில் தடுமாறும் பிள்ளைக்குக் கூடுதல் வகுப்பு, அதற்கு மேல் ஒரு டியூஷன், அதற்கும் மேல் ஒரு பயிற்சிப் புத்தகம்! மூன்றாம் ஆண்டில் எட்டாம் வாய்ப்பாடு மனத்தில் நிற்காமல் போனதே, அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். எங்கே அசைவு தொலைகிறது என்று முனைக்கு முனை தேடிச் சென்ற அந்த முதியவர் செய்தது மூளை வேலையா, கை வேலையா? தொழிற்கல்லூரிக்குச் செல்ல விரும்பும் பிள்ளையைப் "படிப்பு ஏறவில்லை" என்று உறவினர் முன்னிலையில் சொல்லும் பெற்றோரை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடானதன்று. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்ட பின்னராவது ஆறாம் ஆண்டில் கையால் தொட்டுக் கற்பதற்குப் பாடவேளை ஒதுக்கலாம் அல்லவா?

கார் இல்லாமலும் இதனைச் செய்யலாம். 60 செண்டிமீட்டர் மரச்சட்டத்தின் ஒரு முனையை ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து 10 செண்டிமீட்டரில் துளையிட்டு, இறுக்கமான மரமுளையால் இன்னொரு மெல்லிய சட்டத்தை இணையுங்கள். ஆணியிலிருந்து 50 செண்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தை 50 மில்லிமீட்டர் தள்ளினால் இணைப்புச் சட்டம் 10 மில்லிமீட்டர் நகரும். அடுத்து, துளையை 4 மில்லிமீட்டர் அகலமாக்கிவிட்டு, முளை துளையின் முன்விளிம்பைத் தொட்டிருக்கும் நிலையிலிருந்து அதே 50 மில்லிமீட்டர் தள்ளச் சொல்லுங்கள். முதல் 20 மில்லிமீட்டரில் எதுவுமே நடக்காது, பின்னர் 6 மில்லிமீட்டர் மட்டுமே நகரும். மீதி 4 மில்லிமீட்டர் எங்கே போனது என்று கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். துளையிடும் வேலையை மட்டும் முதல் நாளே ஆசிரியர் செய்து வைத்துவிடுவது நல்லது.