வேகத்துக்கு நான் பொறுப்பு என்றால், எண்ணும் என் கையில் இருக்கட்டும்

புனேயில் நம்மவர்கள் நாலு குடும்பம் ஒன்றுகூடினால் முன்பெல்லாம் பேச்சு தட்கலில் ஆரம்பித்து வெயிட்டிங் லிஸ்டில் முடியும். இப்போது பாதிப் பேர் காரிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, தும்கூர், பெங்களூர், ஓசூர் என்று என்.எச். 48-ஐப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். "எத்தனை மணி நேரத்துல போனீங்க?" என்பதுதான் வழக்கமான கேள்வி. கொஞ்ச நாளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "உங்க வண்டியில அடாஸ் இருக்கா?"

இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் கணக்கு. (பி.காம். படித்தவனிடம் இன்ஜினியரிங் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அதிகாரம் யாருக்கு, பொறுப்பு யாருக்கு என்பது பேங்க்கில் தினமும் பார்க்கிற சமாச்சாரம்.)

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். "கார் தானா ஓடும் சார்" என்று ஷோரூமில் சொல்வதை நம்பாதீர்கள். தானியங்கி வண்டிகளை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே விற்கிற அடாஸ் கார்கள் அதிகபட்சம் நிலை 2. வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் சாலையில், கை ஸ்டீயரிங்கில். எது நடந்தாலும் டிரைவர் நீங்கள்தான்.

சரி, புலம்பலுக்கு வருவோம்.

1. நான் 90 என்று வைக்கிறேன். முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப அது குறைத்துக்கொள்ளும், இடம் கிடைத்தால் மறுபடி 90-க்குப் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் நெடுஞ்சாலையில் வலது ஓரத் தடத்தில்தானே லாரி 50-ல் போகும்? இதுவும் பின்னாலேயே 50-ல் ஊர்வலம் போகும். லாரி இடது பக்கம் ஒதுங்கியதுதான் தாமதம், 90-ஐ நினைத்துக்கொண்டு ஒரு பாய்ச்சல். அங்கே ஒரு டிராக்டர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

2. இடைவெளியை அதிகமாக வைத்தால் அந்த இடத்தில் இரண்டு பைக்கும் ஒரு ஆட்டோவும் நுழைந்துவிடும். ஒவ்வொருவர் நுழையும்போதும் இது பிரேக் போடும். பின்னால் வருகிறவர் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரிப்பார். குறைவாக வைத்தால் தங்கமணிக்கு ரத்த அழுத்தம்.

3. பக்கத்து சர்வீஸ் ரோட்டில் இருக்கும் 40 பலகையை கேமரா படித்துவிட்டு, நான் ஏதோ குற்றவாளி மாதிரித் திரையில் சிவப்பு காட்டும். இன்னொரு பக்கம் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒரு சத்தம், 120-ஐத் தாண்டினால் நிற்காத சத்தம். இது 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயம். 100 வரை அனுமதித்த சாலையிலும் 80-க்கே மணி அடித்தால், மூன்றாம் நாள் அந்த மணி காதிலேயே விழாது.

4. நின்றுகொண்டிருக்கும் வண்டி. இதுதான் பெரிய பயம். நின்ற வாகனங்களை இந்த க்ரூஸ் கண்ட்ரோல் கவனிக்காமல் போகலாம் என்று பல நிறுவனங்களின் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ராத்திரி பின்விளக்கு இல்லாமல், கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தின லாரி நம் சாலையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனைக்கும் என் வண்டியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வேகம் என்பது இன்னும் ஓர் எண். 90 என்றால் 90. நான் வைத்தது, நான் மாற்றுவது. அமெரிக்காவில் இந்த எண்ணே கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது.

டெஸ்லாவின் எஃப்.எஸ்.டி. என்கிற மென்பொருள். 'முழுத் தானியங்கி' என்று பெயர் வைத்தார்கள். 2024-ல் அந்தப் பெயரோடு 'மேற்பார்வையில்' என்ற சொல்லையும் ஒட்டினார்கள். அதுவும் நிலை 2 தான். அதில் ஓட்டும் குணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நிதானம், சராசரி, அடாவடி என்ற மாதிரி. அடாவடி குணம், நாற்புறமும் நின்று போக வேண்டிய சந்திப்புகளில் முழுசாக நிற்காமல் உருண்டு போகவும் இடம் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் அதற்காக 53,822 கார்களுக்கு ரீகால் வந்தது. 2023 பிப்ரவரியில் இன்னொன்று, இந்த முறை 3,62,758 கார்கள். அப்போது அரசு பட்டியலிட்ட குறைகளில் ஒன்று, வேக வரம்பு மாறுகிற இடத்தில் மென்பொருள் சரியாக நடந்துகொள்வதில்லை என்பது.

(ரீகால் என்றதும் கார்கள் வரிசையாக ஒர்க்ஷாப்புக்குப் போனதாக நினைக்காதீர்கள். வீட்டு வாசலில் நின்றபடியே மென்பொருள் மாறிவிடும். மாற்றுவது அவ்வளவு சுலபம். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2025 அக்டோபரில் வந்த 14-ஆம் பதிப்பில், அதிகபட்ச வேகத்தை ஓர் எண்ணாக வைக்கும் வசதிக்குப் பதில் குணங்கள் மட்டும்தான். சோம்பேறி என்று ஒன்று, அவசரம் என்று ஒன்று, உச்சத்தில் 'மேட் மேக்ஸ்'. சினிமா பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் அர்த்தம் புரியும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பற்றி டெஸ்லாவிடம் விளக்கம் கேட்டது. அதே மாதம், இந்த மென்பொருள் சிவப்பு விளக்கை மீறுவது போன்ற புகார்களை வைத்துச் சுமார் 29 லட்சம் கார்கள் மீது விசாரணையும் தொடங்கியது.

என்ன பிரச்சினை, எண் இருந்தால் என்ன, பெயர் இருந்தால் என்ன என்று கேட்கலாம்.

பேங்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு கிளை மேலாளருக்குக் கடன் அனுமதிக்கும் அதிகாரம் ரூபாயில் எழுதித் தரப்படுகிறது. இத்தனை லட்சம் வரை நீ, அதற்கு மேல் மேலிடம். இதற்குப் பதிலாகத் திரையில் 'நிதானம்', 'வழக்கம்', 'தாராளம்', 'கண்ணை மூடிக்கொண்டு' என்று நாலு பொத்தான் வைத்தால் எப்படி இருக்கும்? நான் 'வழக்கம்' என்று அமுக்குவேன். யாருக்கு எத்தனை லட்சம் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அடுத்த மாதம் 'வழக்கம்' என்பதன் அர்த்தத்தைத் தலைமை அலுவலகம் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடும். கடன் வாராக்கடனானால் மட்டும் சார்ஜ் ஷீட் என் பெயருக்கு. எந்த யூனியன் ஒத்துக்கொள்ளும்?

எண் என்பது ஒப்பந்தம். குணம் என்பது அபிப்பிராயம். எண்ணை மீறினால் மீறியது யார் என்று காட்டலாம். 'அவசரம்' என்ற குணம் 105-ல் போனால் யாரிடம் போய் என்ன காட்டுவது?

சட்டம் குணத்தைக் கேட்பதில்லை. மும்பை புனே எக்ஸ்பிரஸ்வேயில் கார்களுக்கு சமவெளியில் 100, காட் பகுதியில் 60. 2024 ஜூலையிலிருந்து தானியங்கிக் கேமராக்கள் அபராதச் சீட்டு அனுப்புகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆம் பிரிவில் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். "நான் இல்லை சார், சாஃப்ட்வேர்" என்று சொல்வதற்கு அந்தச் சீட்டில் கட்டம் கிடையாது.

பணத்தையாவது கட்டிவிடலாம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71.2 சதவீதம் அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. இதில் லாபக் கணக்கும் பெரிதாக இல்லை. எக்ஸ்பிரஸ்வே 94.5 கிலோமீட்டர். முழுத் தூரமும் 100-ல் போக முடிந்தால் 57 நிமிடம், 120-ல் போனால் 47. பத்து நிமிடம் மிச்சம். ஆனால் மோதலின் ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. இந்த வட்டி விகிதத்தில் நான் யாருக்கும் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். அப்படி இருக்க, என் சார்பில் ஒரு மென்பொருள் வாங்குவதை எப்படி ஒப்புக்கொள்வது?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மனுஷ டிரைவர் ஒன்றும் உத்தமர் இல்லை. மென்பொருளுக்குத் தூக்கம் வராது, குடிக்காது, போன் பார்க்காது, ஓவர்டேக் பண்ணினவனைத் துரத்தாது. சித்ரதுர்கா பக்கம் காலியான நாலு வழிச் சாலையில் மூன்று மணி நேரம் வலது காலுக்கு ஓய்வு கொடுத்ததற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அதிகாரமும் பொறுப்பும் ஒரே கையில் இருக்கட்டும் என்பதுதான்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. மின்னணுப் பரிவர்த்தனையில் வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பூஜ்யம். கணினி யாருடையதோ நஷ்டமும் அவருடையது என்பதுதான் அதன் சாரம். எங்களுக்கெல்லாம் அப்போது முணுமுணுப்பு இருந்தது, ஆனால் நியாயம் அதுதான். காரிலும் உதாரணம் இருக்கிறது. மெர்சிடிஸ் 2022-ல் ஜெர்மனியில் நிலை 3 வண்டியை விற்க ஆரம்பித்தபோது, அந்த அமைப்பு ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்துக்குத் தானே பொறுப்பு என்றது. வேகம் அப்போது 60-க்கு மேல் போகாது, அது அன்றைய விதிமுறை வைத்த வரம்பு. 

நம் நாட்டில் விவாதம் வேறு இடத்தில் நிற்கிறது. டிரைவர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டேன், டிரைவர்களின் வேலை போய்விடும் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் நாக்பூரில் சொன்னார். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் டிரைவரை வைத்துக்கொண்டே அவர் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் கார் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேச வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்:

- பொறுப்பு டிரைவருக்கு என்றால், அதிகபட்ச வேகம் எண்ணாகவே இருக்க வேண்டும். டிரைவர் வைத்த எண்ணை மென்பொருள் தாண்டக் கூடாது.
- மென்பொருள் மாறினால் என்ன மாறியது என்று நம் மொழியில், ஒரு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும்.
- விபத்து நேரத்தில் ஓட்டியது யார், எந்த வேகத்தில் என்ற பதிவு வண்டியின் சொந்தக்காரருக்கும் கிடைக்க வேண்டும்.
- எண்ணைத் தர மாட்டோம் என்றால், பொறுப்பையும் நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும்.

அதுவரை நம் வீட்டு வழக்கம் நம் கையில். இந்த மே மாதம் காரில் ஊருக்குப் போகிறவர்கள் காட் பாதையிலும், மழையிலும், ஊருக்குள்ளும், ராத்திரியிலும் க்ரூஸை அணைத்துவிடுங்கள். பகலில், காலியான சாலையில் மட்டும் போடுங்கள். எண்ணைக் கிளம்பும் முன்பே வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் 90. அந்த அனுமதியில் கையெழுத்துப் போட்டது தங்கமணி. எனக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது, மென்பொருளுக்கும் கிடையாது.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கார் லோன் வேண்டுமென்றால் மட்டும் தாராளமாக வாருங்கள்.