உள்சுவரைத் தடவிப் பாருங்கள்



குதிரை வேனில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பந்தயக் குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அவருடையது. பெங்களூரு போய்க் கிண்டி திரும்பியதும் பார்த்தால், இரண்டு பக்கமும் மரக்கிளை உரசிய கோடுகள். மொத்த வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்களாம். அவ்வளவு செலவு தேவையா என்பது அவர் கேள்வி. தேவையில்லை என்பதே என் பதில். ஆனால் அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிண்டியில் 1777 முதலே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட அதன் 160 ஏக்கர் பந்தயத் திடலை, வாடகை பாக்கிக்காக 2024 செப்டம்பரில் அரசு தன்வசம் எடுத்ததும் விவகாரம் நீதிமன்றம் போனதும் நீங்கள் அறிந்ததுதான். அதைப் பற்றிப் பேச இது இடமல்ல. பந்தயம் எந்த ஊரில் நடந்தாலும் குதிரை வேனில்தான் போயாக வேண்டும். அந்த வேனைப் பழுது பார்க்கும் கைகளும் கிண்டியிலேயே உண்டு. 1958-இல் தொடங்கிய தொழிற்பேட்டையும், அதைச் சுற்றி வளர்ந்த டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகளும் ரேஸ் கோர்ஸுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன.

முதலில் வெளிக்கீறல். வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கினால் மேல்பூச்சு மட்டும்தான் உரசியிருக்கிறது. ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் போதும். ஆனால் அளவோடு தேய்க்க வேண்டும். தொழிற்சாலையில் அடிக்கும் பூச்சு எல்லா அடுக்கும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான், ஏறக்குறைய ஒரு தாளின் கனம். மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் கீறலோடு பெயிண்டும் போய்விடும்.

நகம் தடுக்கிறது, உள்ளே தகரம் தெரிகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். சென்னையின் உப்புக்காற்றில் தகரம் சீக்கிரமே துருப்பிடிக்கும். துரு பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவிக் கொப்புளமாக எழும்பும். அந்த நிலைக்குப் போனால் கீறலுக்கான வேலை, தகரம் வெட்டி ஒட்டும் வேலையாகிவிடும். துருவை எமரி தாளால் சுத்தமாக எடுத்து, கீறலின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, பிறகு பெயிண்ட். அதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். அதில் ரெட் ஆக்சைடு அடித்தால் நாளடைவில் தோல் தோலாக உரிந்துவரும். அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயிண்ட் வேலை வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடித்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இனி அவர் கேட்காதது. வெளிக்கீறல் வண்டிக்காரரின் கண்ணை உறுத்தும். உள்கீறல் குதிரையின் உடம்பைத் தொடும். வேன் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் நிலைதடுமாறும் குதிரை, லாடம் அடித்த காலால் பக்கச் சுவரை உதைக்கும். சங்கிலி உரசும். சலிப்பிலும் பதற்றத்திலும் விளிம்பைப் பல்லால் கடிக்கும். அங்கே பெயர்ந்த பெயிண்ட் போகும் இடம் அதன் வாய்தான்.

பழைய வண்டிகளில் இது சிறிய விஷயமே இல்லை. துருவைத் தடுக்க ஈயச் செந்தூரம் பூசிய காலம் ஒன்று உண்டு. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் மட்டும். தொழில்துறைப் பெயிண்டுகளை அது கட்டுப்படுத்தவில்லை. ஈயம் சிறிது சிறிதாக உடம்பில் சேர்ந்தால் குதிரையின் தொண்டை நரம்புகள் செயலிழக்கும். மூச்சு இரைச்சலோடு வரும், தீனி விழுங்க முடியாது. ஓடிப் பிழைக்கும் விலங்குக்கு இதைவிடக் கொடுமை இல்லை. எனவே உட்புறத்துக்குப் பெயிண்ட் வாங்கும்போது ஈயம் கலக்காதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். வாய்க்கு எட்டும் உயரத்தில் பெயிண்டே அடிக்காமல் ரப்பர் விரிப்பைப் பொருத்திவிடுவது இன்னும் நல்லது. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி முதலில் போவது வேலை செய்பவரின் நெஞ்சுக்குள். அவருக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுப்பது வண்டிக்காரரின் கடமை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், நம்மைப் போல வாயாலும் இழுக்க அதனால் முடியாது. பெயிண்ட் வாடை அடிக்கும் மூடிய வேனில் மணிக்கணக்காக நிற்பது அதற்குப் பெரும் தண்டனை. உள்ளே பெயிண்ட் அடித்தால் கதவுகளைத் திறந்து போட்டு, வாடை முற்றிலும் போனபிறகே ஏற்றுங்கள். அதற்குள் பயணம் வந்துவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

குதிரையை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ச் சுவர், தடுப்பு, கதவு விளிம்பு எல்லாவற்றையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கையைக் கிழிக்கும் தகர முனை குதிரையின் தோலையும் கிழிக்கும். அப்படி ஏதாவது தட்டுப்பட்டால் வெளிக்கீறல் காத்திருக்கட்டும், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

குதிரை வேன்களில் வேலை பார்த்த டிங்கர்களும் பெயிண்டர்களும் நம் வாசகர்களில் இருப்பீர்கள். உங்கள் கைப்பக்குவத்தை எங்களுக்கு எழுதியனுப்புங்கள். வரும் இதழில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்