பிறக்கப்போகும் பிள்ளையின் வழக்கு

2025 நவம்பர் 28-ஆம் நாளைக் கண்டிச் சீமை எளிதில் மறக்கப்போவதில்லை. அன்று டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. மகாவலி கரைபுரண்டு கம்பளையிலும் பேராதனையிலும் புகுந்தது. மலைகள் பிளந்து இறங்கின. நாடெங்கும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது கண்டியே. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று சரிந்த மண் பேதம் பார்க்கவில்லை. அழுகை அடங்கிய பின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இது விதியின் செயல் மட்டுந்தானா? அன்றி, பொறுப்புச் சொல்லவேண்டியவர்களும் உளரா?

புயல் முன்பும் வந்ததுண்டு. ஆனால் காற்று ஒரு பாகை வெப்பமேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கவல்லது. சுமந்ததை ஒருநாள் கொட்டித் தீர்க்கும். அவ்வெப்பத்தை ஏற்றியவர் யார்? நூறாண்டுகளுக்கு மேலாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வம் குவித்த நாடுகளே பெரும் பொறுப்பாளிகள். உலகம் இன்று வெளியிடும் வெப்ப வாயுக்களில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. உண்டவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் வேறொருவன் என்பது எந்த ஊர் நியாயம்?

இக்கேள்வியை உலகின் முன் வைத்தவர்கள் வல்லரசுகள் அல்லர். பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கிய முயற்சி அது. வனுவாட்டு என்னும் சின்னஞ்சிறு நாடு அதைக் கையிலெடுத்தது. 2023 மார்ச்சு 29-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அக்கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 யூலை 23-இல் நீதியரசர்கள் ஒருமனதாக விடை பகர்ந்தனர்: காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, அக்கடமையில் தவறுவது சர்வதேசச் சட்டத்துக்குப் புறம்பான செயல், காரண காரியத் தொடர்பு நிறுவப்படுமாயின் இழப்பீடும் கோரலாம். சட்டத்துக்குப் பொருள் காணும்போது வருங்காலத் தலைமுறைகளுக்குரிய நியாயமும் வழிகாட்ட வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. அதே நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த நம் நாட்டு நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி, 1997-இல் தன்யூப் ஆற்று அணை வழக்கில் இலங்கையின் பழங்குளங்களை எடுத்துக்காட்டினார். அரசன் மண்ணின் உடைமையாளன் அல்லன், காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்ததை நினைவூட்டினார். 2000-இல் எப்பாவலைப் பொஸ்பேற்று வழக்கில் நமது உயர் நீதிமன்றமும் அவ்வழியே நின்று, நாளைய தலைமுறையின் பங்கை இன்றைய அரசு விற்றுவிடலாகாது என்ற நெறியை நிலைநாட்டியது.

“ஏட்டுச் சட்டத்தால் என்ன ஆகும்?” என்று ஏளனம் செய்வோர் கண்டி மலைகளின் வரலாற்றைப் படிக்கட்டும். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் சேனையையும் முடிக்காணி எனக் கருத வழிசெய்தது. கோப்பிக்காகக் காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை, பின்னர் நோயால் மடிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள் அச்சரிவுகளில் லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். அன்று சட்டமியற்றிய எவனும் இன்று உயிரோடில்லை. அன்று பிறவாதவர்களோ, மரத்தின் வேரிழந்த சரிவுகளின் கீழ் இன்று மழையைக் கண்டு நடுங்குகிறார்கள். பிறவாதோருக்குத் தீங்கிழைக்கச் சட்டத்தால் முடிந்ததெனில், பிறவாதோரைக் காக்கவும் சட்டத்தால் முடியும், முடிய வேண்டும்!

ஆயினும் நாம் மயங்கிவிடக் கூடாது. நீதிமன்றம் அளித்தது ஆலோசனைக் கருத்து, கட்டாயப்படுத்தும் தீர்ப்பன்று. அங்கே வழக்காட அரசுகளுக்கே உரிமையுண்டு. லயத்துத் தாய்க்கு இல்லை. ஆகவே அவளுக்காகப் பேசும் கடமை கொழும்பு அரசாங்கத்துடையது. டித்வாவின் இழப்பை ஊர் ஊராக, அறிவியல் சான்றோடு பதிவு செய்க. 2022-இல் உலக நாடுகள் இணங்கிய இழப்பு நிதியிடம், இரப்பவராக அன்றி உரிமையாளராகக் கேட்க. ஒத்த துயருடைய சிறு நாடுகளோடு தோள் சேர்க்க.

இவற்றுக்கெல்லாம் முன் ஒன்றுண்டு. வெளியே நீதி கேட்கும் கை, வீட்டில் நீதி செய்த கையாக இருத்தல் வேண்டும். ஆபத்தான சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கும் கிராமத்தவருக்கும் பாதுகாப்பான இடத்தில் காணியும், அவரவர் பெயரில் உறுதியும் வழங்கப்பட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை, உரிய வேளையில், தமிழிலும் வீட்டு வாசலை எட்ட வேண்டும். ஆற்று ஊற்றுகளைக் காக்கும் காடுகளில் கோடரி விழலாகாது. இவற்றைச் செய்யாத அரசு, உலக மன்றத்தில் எந்த முகத்தோடு வாதாடும்?

பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாக்கில்லை, வாயுமில்லை. அதன் வாக்கும் வாயும் நாமே. இன்று நாம் மௌனம் சாதித்தால், நாளை அப்பிள்ளை நம்மையே குற்றக் கூண்டில் நிறுத்தும். அப்போது நமக்காக வாதாட எவரும் இருக்கமாட்டார்.