சிறுவாடும் பிட்காயினும்

ரொக்கப் பணத்தின் காலம் முடிந்துவிட்டது, இனி நம் அந்தரங்கத்தைக் காக்கப்போவது கிரிப்டோ நாணயமே என்றொரு வாதம் தமிழிலும் ஓங்கி ஒலிக்கிறது. வங்கி நம் செலவுகளைப் படிக்கிறது, அரசு நினைத்தால் அதைக் கேட்டு வாங்குகிறது, ஆகவே இருவர் கையும் படாத நாணயம் வேண்டும் என்கிறார்கள் அன்பர்கள். முதலிரண்டு கூற்றுகளில் நமக்குப் பிணக்கில்லை. மூன்றாவதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. நாணயத்துக்கு உரைகல் கடைவீதி என்பதால், இந்த வாதத்தையும் தென்காசியிலும் குற்றாலத்திலும் வைத்தே உரசிப் பார்க்கலாம்.

சாரல் காலத்தில் ஐந்தருவிச் சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கிறார்கள். அரைக்கிலோ வாங்கி ரூபாய் நோட்டை நீட்டினால் மீதிச் சில்லறை கைக்கு வருகிறது. விற்றவருக்கு நம் பெயர் தெரியாது. நமக்கு அவர் பெயர் தெரியாது. இப்படியொரு கொள்வினை நடந்ததற்கு மூன்றாவது சாட்சி கிடையாது. அந்தரங்கம் என்று பெரிய சொல்லால் சுட்டப்படுவது இந்த எளிய காரியத்தைத்தான்.

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் வெளியான பிட்காயின் முன்வரைவு அதனை மின்னணு ரொக்கம் என்றே அழைத்தது. ஆனால் ரொக்கத்தின் சிறப்பு அது எதையும் எழுதி வைத்துக்கொள்ளாது என்பது. பிட்காயினோ ஒவ்வொரு கைமாற்றத்தையும் உலகில் எவரும் படிக்கக்கூடிய பேரேட்டில் அழியாமல் பதிகிறது. அங்கே பெயருக்குப் பதில் எண்ணும் எழுத்தும் கலந்த முகவரி இருக்கிறதே என்பார்கள். அது வெறும் புனைபெயர். புனைபெயரின் கதி என்னவென்று இலக்கிய வாசகருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை ஆளைக் கண்டுகொண்டால் அவர் அதுவரை எழுதிய அத்தனையும் அவர் தலையில் வந்து விழும். இந்தியாவில் அந்தக் கண்டுபிடிப்புக்குத் துப்பறிவாளரும் தேவையில்லை. நாணயம் வாங்கப் பரிமாற்ற நிறுவனத்தில் கணக்குத் தொடங்கும்போதே அடையாளச் சான்றையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்கிறோம். 2023 மார்ச் முதல் அந்நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் வந்துவிட்டன. முகமூடியை வாயிலில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர் யாரிடமிருந்து ஒளிகிறார்?

அன்றாடப் பயன்பாடு என்ற அளவிலும் கணக்கு ஒத்துவரவில்லை. பிட்காயின் பேரேட்டில் ஒரு தொகுதி சேரச் சராசரியாகப் பத்து நிமிடமாகும். விரைவுபடுத்தத் துணை வலைகள் உண்டுதான். வரிக்கு என்ன செய்வது? 2022 ஏப்ரல் 1 முதல் இவ்வகைச் சொத்துகளின் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் பட்ட நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் வழியில்லை. நாணயத்தைக் கொடுத்துப் பழம் வாங்கினாலும் அது சொத்துக் கைமாற்றமே. பழம் வாங்கியவர் அன்றைய விலையைக் குறித்துவைத்து வருமானவரித்துறைக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். பிட்காயினை 2021 செப்டம்பரில் நாடு முழுதும் செல்லுபடியாக்கிய எல் சால்வடோரே, அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியில் கைவிட்டது.

அப்படியானால் கைப்பேசியில் ஒற்றி எடுக்கும் யூபிஐ போதுமே என்பது அடுத்த வாதம். அதன் வசதியை நாமும் மறுக்கவில்லை. ஆனால் வசதிக்கு விலை உண்டு. தேநீருக்குக் கொடுத்த பத்து ரூபாயும் வங்கியிலும் செயலியிலும் பதிவாகிறது. பெங்களூரில் 2025 ஜூலையில் சிறுகடைக்காரர்கள் பலருக்கு, அவர்கள் யூபிஐ வழியே பெற்ற தொகையைக் கணக்கிட்டுச் சரக்கு சேவை வரி அறிவிப்புகள் போயின. உடனே கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கின. செலுத்த வேண்டிய வரியைச் செலுத்தத்தான் வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு: வசதிக்கென்று எழுதப்பட்ட ஏடு, நாளை எவர் கையில் எதற்காகப் படிக்கப்படும் என்பதை எழுதியவர் தீர்மானிக்க முடியாது.

இங்கேதான் ‘சிறுவாடு’ என்ற சொல்லை நினைக்க வேண்டும். கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றியும் வயலில் கூலிக்குப் போயும் பெண்கள் ஈட்டுவது சிறுதொகை. அதிலிருந்து பிரித்து அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப்பானையிலும் ஒளித்து வைப்பதே சிறுவாடு. குடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் மகளின் பள்ளிக் கட்டணமாகவும், அண்ணன் வீட்டுக்குத் தெரியாமல் தாய்க்கு மருந்தாகவும் மாறுவது அதுதான். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு, புழக்கத்திலிருந்த பணமதிப்பில் 86 சதவீதம் முடங்கியபோது, அந்தப் பானைகளெல்லாம் கூடத்தில் கவிழ்க்கப்பட்டன. பல வீடுகளில் சிறுவாடு அன்றோடு குடும்பப் பொதுச்சொத்தாயிற்று. அந்தப் பெண்ணிடம் போய்ப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கடவுச்சரமாக மனப்பாடம் செய் என்பதா? அதுவும் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி கணவன் சட்டைப்பையில் இருக்கும்போது?

ரொக்கம்தானே கறுப்புப் பணத்தின் தாய் என்று கேட்பார்கள். செல்லாதென்ற நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பிவிட்டதென்று ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டறிக்கையே சொன்னது. கறுப்பு வெளுத்துத் திரும்பிற்று, பிடிபட்டது சிறுவாடு.

நாம் புதுமைக்கு எதிரிகள் அல்லர். குற்றாலத்துக்குச் சில மைல் தொலைவில் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலையாள நாட்டுப் பக்கம் இருந்தது. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் அங்கே சக்கரமும் காசும் செல்ல, இந்தப் பக்கம் பிரிட்டிஷ் ரூபாய் செல்லும். இருவகை நாணயத்தையும் மாற்றிப் புழங்கிய மண் இது. ஆனால் அந்த இரண்டில் எதுவும் உன் பெயரென்ன என்று கேட்டதில்லை.

உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அவ்வுரிமையை ஏழையும் கைக்கொள்ளத் தக்க கருவி ரொக்கம் ஒன்றே. ஆகவே நம் கோரிக்கை எளியது. பேருந்திலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் ரொக்கத்தை மறுக்காத உறுதி சட்டமாக வேண்டும். தானியங்கி இயந்திரங்களில் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்கள் கிடைக்க வேண்டுமென ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் இட்ட ஆணை ஊர்ப்புறங்களில் நடைமுறையாகிறதா என்று கேட்க வேண்டும். சில்லறை இல்லாமல் போனால் ரொக்கம் தானே சாகும். அதைக் கொல்லச் சட்டம்கூடத் தேவைப்படாது. கிரிப்டோ அன்பர்கள் அந்தரங்கத்தின்மேல் உண்மையாகவே அக்கறை உள்ளவர்களானால், பேரேட்டை விட்டுவிட்டு முதலில் அரிசிப்பானையின் பக்கம் வந்து நிற்கட்டும்.