இங்கிலீஷ் கிராமரை நொண்டி ஆடிப் படிக்கலாமே!

கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் நொண்டி ஆடத் தெரியாத பிள்ளை இருக்குமா? அந்தக் கட்டங்களில் ஐ, யூ, ஹி, ஷி, தே என்று எழுதுங்கள். கல் விழுந்த கட்டத்துக்கு ஒரு வாக்கியம் சொல்லணும். ‘ஐ கோ’ சரி. ‘ஹி கோ’ என்றால் அவுட், ‘ஹி கோஸ்’தான். நான் போறேன், அவன் போறான், அவ போறா என்று ஆளுக்கேற்ப வினையை மாற்றிப் பேசும் பிள்ளைக்கு இது புதுசே இல்லை. சிவப்பு மையில் திருத்தினால் முகம் வாடும். ஆட்டத்தில் அவுட்டானால், மறுபடி எப்போ என் முறை என்று நிற்கும்.

2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரசுப் பள்ளிகளில் ஆடலும் பாடலுமாகப் பாடம் நடத்துகிறது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு சரி. கிராமர் கடினமாவதே அதற்குப் பிறகுதானே! ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கணும்.