ஓய்வுக்காலத்திற்கு ஒத்திவைக்கப்பட்ட பயணம்



ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர், பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத். அவ்வூரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், முதியவர் ஒருவர் பள்ளிவாசல் படியில் கைத்தடியை ஊன்றி நின்றவாறு ஒரு சொல் சொன்னார்: "ஹஜ்ஜுக்குப் போகிற வயது வந்துவிட்டது. கால்தான் கூட வரமாட்டேன் என்கிறது." சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த படியில் இறங்க அவருக்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அவருடைய வரலாறு நம்மில் பலருடைய இல்லத்து வரலாறுதான். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2013ஆம் ஆண்டில் 58 வயதில் பணியிலிருந்து விலகினார். ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் தொகையும் கைக்கு வந்தது. ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க அதுவே தக்க தருணம். ஆனால் கடைசி மகளின் திருமணம் எஞ்சியிருந்தது. அது முடிய ஆறாண்டுகள் ஆயின. அதற்கிடையில் துபாயில் பணிபுரியும் மகன் இருமுறை அழைத்துச் சென்றான். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் அடியில் நின்று எடுத்துக்கொண்ட நிழற்படம் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. சிங்கப்பூருக்கும் ஒருமுறை போய்வந்தார். துபாயிலிருந்து ஜித்தா ஏறத்தாழ மூன்று மணி நேர விமானப் பயணமே என்பது அப்போது யாருக்கும் நினைவிற்கு வரவில்லை.

2020ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தார். கொரோனா நோயின் காரணமாக அவ்வாண்டு வெளிநாட்டிலிருந்து வருவோர் எவருக்கும் அனுமதியில்லை. கட்டிய பணம் திரும்பி வந்தது. 2021லும் சவூதி அரேபியாவில் வசிப்போருக்கு மட்டுமே வாய்ப்பு. 2022ஆம் ஆண்டு வாயில் திறந்தபோது 65 வயதிற்கு மேற்பட்டோருக்கு அனுமதியில்லை என்ற நிபந்தனையும் உடன் வந்தது. அவருக்கு அப்போது வயது 67. 2023இல் அந்த நிபந்தனை நீங்கியது. ஆனால் அதற்குள் இரண்டு முழங்கால்களும் ஓய்ந்து, இதய நோயும் சேர்ந்துகொண்டது.

இதில் யாரைக் குறை சொல்வது? நோயையா, அரசாங்கத்தையா? எண்ணிப் பார்த்தால், 2013க்கு முன்னரே இருபது ஆண்டுகள் அவர் கையில் இருந்தன என்பது விளங்கும்.

ஹஜ்ஜுக் கடமையை முதுமைக்கென்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம்மிடையே எவ்வாறு புகுந்தது? ஒரு காரணம் பழைய பயணத்தின் கடுமை. 1995ஆம் ஆண்டு வரை பம்பாயிலிருந்து கப்பல் வழியே ஹாஜிகள் சென்றார்கள். நம் பகுதியிலிருந்து புறப்படுவோர் இரயிலேறிப் பம்பாய் சென்று, சாபு சித்தீக் முசாபர்கானாவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருப்பர். புறப்படுமுன் ஊராரிடமும் உறவினரிடமும் மன்னிப்புக் கேட்டு, கடன்களைத் தீர்த்து, வசிய்யத்து எழுதி வைத்துவிட்டே செல்வர். திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற எண்ணமே அப்பயணத்திற்கு ஒரு கடைசிப் பயணத்தின் சாயலைத் தந்தது. கப்பல் நின்று போயிற்று. சாயல் மட்டும் நிற்கிறது.

மற்றொரு காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது; ஆயினும் சொல்லத்தான் வேண்டும். "ஹாஜியார்" என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு கடையில் உட்கார்ந்து கூட்டிக் குறைத்துப் பேச முடியாதே, வட்டிக் கடைப் பக்கம் போக முடியாதே என்ற அச்சம்! தவறுகளையெல்லாம் செய்து முடித்துவிட்டு, இனிச் செய்ய உடலில் வலுவில்லை என்ற நிலையில் தவ்பாச் செய்யப் போகிறோம். ஒரு வணிகர் இதை என்னிடம் வெளிப்படையாகவே கூறினார். அவருடைய நேர்மையைப் பாராட்டுவதா, கணக்கைக் கண்டு வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"நாயகம் (ஸல்) அவர்களே 63ஆம் வயதில்தானே ஹஜ்ஜுச் செய்தார்கள்?" என்று கேட்போரும் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில்தான் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. 9ஆம் ஆண்டில் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் தலைமையில் முஸ்லிம்கள் ஹஜ்ஜுச் செய்தனர். 10ஆம் ஆண்டில் பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே சென்றார்கள். அது வாய்ப்பிருந்தும் வயதுக்காகக் காத்திருந்த தாமதம் அன்று.

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம், சென்றுவர இயன்ற மனிதர் மீதே இக்கடமையை விதிக்கிறது. இயன்றவர் உடனே செய்தாக வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து. ஹன்பலி மத்ஹபின் கருத்தும் அதுவே. இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் தாமதிக்கலாம் என்றார்கள். நம் கடலோரத்து மக்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபினர் ஆதலால், இந்தச் சலுகையைப் பலரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அச்சலுகையோடு பிணைந்த நிபந்தனைகளை அத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கவில்லை. நிறைவேற்றியே தீருவேன் என்ற உறுதி உள்ளத்தில் இருக்கவேண்டும். உடல் நலிந்து இயலாமற் போய்விடும் என அஞ்சினால் தாமதித்தல் ஆகாது. இயன்றிருந்தும் செய்யாமல் இறந்தவர் குற்றவாளியாவார். அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து, வாரிசுகள் பங்கு பிரிக்குமுன், அவருக்காக ஹஜ்ஜுச் செய்விக்கும் செலவை எடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி இறந்தவர் வசிய்யத்துச் செய்திருந்தால்தான், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள்தான், வாரிசுகள் மீது அது கட்டாயமாகும். எத்தனை வீடுகளில் தந்தையின் வீட்டையும் நிலத்தையும் பிரிக்கும்போது இக்கணக்கு எடுக்கப்படுகிறது?

இனி, "மகள் கலியாணம் முடியட்டும்" என்னும் சொல்லுக்கு வருவோம். சென்றுவரும் செலவு, திரும்பி வரும் வரை குடும்பத்தாரின் சீவனத்திற்கான பொருள், கடன் தீர்ந்த நிலை, வழியில் பாதுகாப்பு, உடல் நலம் ஆகியவற்றையே ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. மகளுக்கு இத்தனை சவரன் நகை போட்டுச் சீர் செய்து முடித்த பின்னரே ஹஜ்ஜு என்று எந்த மத்ஹபிலும் இல்லை. மஹர் கொடுக்கவேண்டியவன் மணமகனாக இருக்க, பெண்ணைப் பெற்றவர் வாழ்நாள் சேமிப்பை இறைத்துவிட்டு, எஞ்சியதில் அல்லாஹ்வின் வீட்டிற்குப் போக நினைக்கிறார். வரதட்சணையின் தீமையைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அது ஒருவருடைய ஹஜ்ஜையே விழுங்கிவிடுகிறது என்பதை மட்டும் ஏனோ பேசுவதில்லை.

உலகைச் சுற்றிப் பார்ப்பதை நான் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். பூமியில் பயணம் செய்து, இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைக் கவனிக்கும்படி திருமறையின் அன்கபூத் அத்தியாயமே பணிக்கிறது. பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லுவதும் உறவைப் பேணும் நற்செயலே. என் வினா வரிசையைப் பற்றியது. மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரிலிருந்து இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில் 21 வயது இளைஞராகப் புறப்பட்டார். அவர் கிளம்பியது உலகைச் சுற்றுவதற்கன்று, ஹஜ்ஜுக்காக. ஹஜ்ஜை முடித்த பின்னர் உலகம் தானாக விரிந்தது. தில்லி, மாலத்தீவு, இலங்கை, நம் மதுரை என்று கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்தார். அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார், உலகமும் கிடைத்தது. நாம் உலகிற்குப் புறப்படுகிறோம். ஹஜ்ஜு கிடைத்தால் கிடைக்கட்டும் என்றிருக்கிறோம்.

முதுமையை எய்திவிட்டோரை மனம் தளரச் செய்வதும் என் நோக்கமன்று. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது தம் இல்லத்தில் தங்க இடமளித்த அபூ அய்யூப் அல் அன்சாரி (ரலி) அவர்கள் தள்ளாத வயதில் கான்ஸ்டாண்டிநோபிள் வரை பயணம் செய்து அங்கேயே அடக்கமானார்கள். நம் காலத்திற்கு அருகில், இஸ்லாத்தைத் தழுவிய ஈவ்லின் கோபோல்டு என்னும் பிரிட்டிஷ் சீமாட்டி, 1933ஆம் ஆண்டில் 65 வயதில் ஹஜ்ஜுச் செய்தார். முதுமை தடையன்று. ஆனால் அதன் கடினத்தை அறிந்து செல்லவேண்டும். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேலாகிறது. அரஃபாத் பெருவெளி மக்காவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றிச் சென்று, தங்குமிடமும் நிழலுமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். செலவு குறைவென்று குறுக்கு வழி காட்டுவோரை நம்பி வயதான பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

சந்திர ஆண்டு சுமார் 11 நாட்கள் முன்னகர்வதால் ஹஜ்ஜுக் காலம் கோடையை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது. 2030இல் அது ஏப்ரல் மாதத்தில் அமையும். 2035 வாக்கில் பிப்ரவரிக்கு வந்துவிடும். இந்திய ஹஜ் கமிட்டியும் 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜு முதல் 65 வயது நிறைந்தோருக்கு, துணைக்கு ஒருவருடன், குலுக்கலில் முன்னுரிமை வகுத்தது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது வாகனத்தில் அமர்ந்து தவாபு செய்ய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். சக்கர நாற்காலியில் அமர வெட்கப்படும் பெரியோர்கள் இதை நினைவிற்கொள்வார்களாக. அறவே இயலாதவருக்குப் பதிலாக மற்றொருவர் செய்யும் பதலீ ஹஜ்ஜும் உண்டு. வாகனத்தில் உறுதியாக அமரவியலாத முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ்ஜுச் செய்யலாமா என வினவிய கஃத்அம் குலத்துப் பெண்மணிக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் இசைவு தந்தார்கள். அவ்வாறு பதிலாகச் செல்பவர் முதலில் தமது ஹஜ்ஜை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம்.

இதில் தாய்மார்களை மறந்துவிடுகிறோம். ஓய்வூதியம் வாங்கிய கணவர் போய் வருவார். மனைவி பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார். அவருடைய நகையே ஹஜ்ஜுக்குப் போதுமானதாக இருந்தால் கடமை அவருக்கும் உரியதுதானே!

மலேசியாவில் கிராமத்து ஏழைகள் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுத் திரும்பி வந்து வறுமையில் வாடுவதைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ், 1959ஆம் ஆண்டில் சிறுசேமிப்புத் திட்டமொன்றை முன்வைத்தார். 1963இல் அது செயலுக்கு வந்தது. "தாபுங் ஹாஜி" என இன்று அறியப்படும் அந்நிறுவனத்தில் மக்கள் வட்டியின்றிச் சிறுகச் சிறுகச் சேமிக்கின்றனர். பதிவு செய்தோர் தொகை பெருகி, இப்போது புதிதாகப் பதிவோர் காத்திருக்க வேண்டிய காலம் நூறாண்டுகளைத் தாண்டிவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அந்த நிலை நமக்கு இன்னும் வரவில்லை. இந்தியாவுக்கு 2025இல் கிடைத்த இடங்கள் 1,75,025. விண்ணப்பித்த ஓரிரு ஆண்டுகளில் வாய்ப்புப் பெறுவோர் நம்மிடையே ஏராளம். வாயில் அகலத் திறந்திருக்கும்போது நாம்தாம் திண்ணையில் அமர்ந்திருக்கிறோம்.

வாலாஜாபாத் பெரியவரை அண்மையில் மீண்டும் கண்டேன். துபாயிலிருக்கும் மகன் தன் ஹஜ்ஜை முடித்துவிட்டானாம். தந்தைக்காகப் பதலீ ஹஜ்ஜுச் செய்ய இசைந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலையொன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பேரன் அருகில் நின்றான். வயது 22. "மாதம் கொஞ்சம் பணம் ஹஜ்ஜுக்கென்று தனியாகப் போட்டு வை, தம்பி" என்றார் பெரியவர்.

"கட்டாயம் நன்னா, முதலில் பைக் கடன் முடிந்துவிடட்டும்" என்றான் அவன்.

"எத்தனை மாதம்?" என்று கேட்டார்.

"முப்பத்தாறு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு, அவன் தோளைப் பிடித்தபடி, படி இறங்கினார்.