வீடியோவில் வெட்டிவிடும் பகுதி



உங்களில் பலர் இப்போது அப்பா, அம்மா ஆகிவிட்டீர்கள். "டீச்சர், பிள்ளைக்கு சயின்ஸ் ஏறவே மாட்டேங்குது, நல்ல வீடியோ இருந்தா சொல்லுங்க" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். என் பதில்: வீடியோ வேண்டாம், நாலு ஒரு ரூபாய் நாணயம் கொடுங்கள்.

ஒரு டம்ளர்மேல் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. அதன் நடுவில் ஒரு நாணயம். அட்டையை விரலால் வெடுக்கென்று சுண்டினால் அட்டை பறந்துவிடும், நாணயம் டம்ளருக்குள் 'டங்' என்று விழும். இதற்குப் பெயர் நிலைமம். சும்மா இருக்கும் பொருள் சும்மாவே இருக்கப் பார்க்கும். நாகூர் பஸ் திடீரென்று கிளம்பும்போது பின்னால் சாய்கிறோமே, அதே சங்கதிதான்.

இதுவரை எல்லா வீடியோவிலும் இருக்கிறது. ஆனால் குழந்தை தன் கையால் செய்தால், முதல் தடவை பெரும்பாலும் நாணயம் டம்ளருக்குள் விழாது. பயந்து பயந்து மெதுவாகத் தள்ளும். நாணயமும் அட்டையோடு சேர்ந்து போய்விடும். வீடியோவில் இந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். பாதிப் பாடம் இதில்தான் இருக்கிறது.

ஏன் கூடவே போகிறது? அட்டைக்கும் நாணயத்துக்கும் நடுவே உராய்வு இருக்கிறது. மெதுவாகத் தள்ளும்போது நாணயத்தை இழுத்துப் போக அந்த உராய்வே போதும். வெடுக்கென்று சுண்டினால், அட்டையின் வேகத்தை நாணயத்துக்குக் கொடுக்க உராய்வுக்குப் பலமும் போதாது, நேரமும் போதாது. சோதனை தோற்றதால்தான் உராய்வு கண்ணில் பட்டது.

இன்னொன்று. பரீட்சை அட்டையின் ஒரு ஓரத்தில் நாணயத்தை வைத்து, அந்த ஓரத்தை மெல்ல உயர்த்துங்கள். எத்தனை சென்டிமீட்டரில் வழுக்குகிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே நாணயத்தின்மேல் அதே மாதிரி இன்னொன்றை வைத்து, பக்கவாட்டில் செல்லோடேப் ஒட்டுங்கள். இப்போது சீக்கிரம் வழுக்குமா, தாமதமாகவா? முதலில் பிள்ளை யூகித்துச் சொல்லட்டும். பிறகு செய்யட்டும்.

ஏறக்குறைய அதே உயரத்தில்தான் வழுக்கும். எடை இரட்டிப்பானதால் கீழே இழுக்கும் விசை இரட்டிப்பு. பிடித்து நிறுத்தும் உராய்வும் இரட்டிப்பு. அழுத்தும் எடைக்கு ஏற்ப உராய்வு கூடும் என்று பிரான்சு நாட்டு அமோந்தோன் 1699-இல் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் நம் காரைக்காலுக்கு வந்தது 1739-இல். அவர்கள் வருவதற்கு 40 வருஷம் முந்திய விதி, இன்று உங்கள் வீட்டுப் பரீட்சை அட்டையில்!

"இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா?" என்பீர்கள். நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. மனப்பாட விடையைவிட, 'ஏன், எப்படி' என்று யோசிக்க வைக்கும் கேள்விகள் கூடி வருகின்றன. உதவும்தான். ஆனால் நான் சொல்வது மார்க்குக்காக மட்டும் அல்ல. தன் யூகம் தப்பாகும்போது அழாமல், "ஏன்?" என்று திரும்பச் செய்து பார்க்கும் பிள்ளை எந்த வேலைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

பெட்டிக்கடையில்கூட இப்போது கியூஆர் கோடு. சில்லறை கையில் தங்குவதில்லை. ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். வாயில் போடும் வயசுக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை செய்யும்போது, "இப்படிச் செய்" என்று கையைப் பிடிக்காதீர்கள். நாலு தடவை தோற்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பிள்ளை என்ன யூகித்தது, என்ன நடந்தது, இரண்டையும் கமெண்டில் எழுதுங்கள். யூகம் தப்பானவர்களின் பதிவைத்தான் நான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்